சீனத்து ராஜா வீடும் ஒன்பதாம் காம்பராவும்

சீன தேசத்து ராஜாக்களின் கல்லறைகளைப் பற்றிப் பெரியாயிக்குத் தெரிந்த அளவுக்கு இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைப் பக்கம் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும், கல் யானைகள் எங்கே நிற்கும், ராஜா படுத்த அறைக்கு எத்தனை அறைகளைக் கடந்து போக வேண்டும் என்று எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்வாள். கேட்கத்தான் ஆளில்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு வாயைத் திறக்க ஆள் கிடைக்காமல் போவதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

அவள் குருவிமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். புருஷன் இராமையா லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு இரவு வேலை. பெண்சாதி கூடையை மாட்டிக்கொண்டு புறப்படும்போது அவர் வந்து படுப்பார், அவள் திரும்பி வந்து எழுப்பும்போது எழுந்து வேலைக்குப் போவார். இப்படி ஒருவரையொருவர் வாசலில் வழிமறித்துப் பேசிக்கொண்டே முப்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அதற்குள் ஒரு மகளையும் பெற்றுப் பதுளையில் விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். அந்த மகள் சுபாஜினி புலமைப்பரிசில் கிடைத்துப் பெய்ஜிங்குக்குக் கட்டடக்கலை படிக்கப் போனபோது தோட்டமே வாயைப் பிளந்தது. பெரியாயி மட்டும், "வீடு கட்டப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? நம்ம மேசன் எங்க போயிப் படிச்சான்?" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன வருஷம் அடைமழைக் காலத்தில் கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த கீழ்ப்பிரிவு லயத்தின் மேல் மலை சரிந்தது. காலையில் பெண்கள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியிருந்த நேரம் அது. இடி மாதிரி ஏதோ கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது கீழே லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. அந்த லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறை வீடான ஒன்பதாம் காம்பராவில் இராமையா தூங்கிக்கொண்டிருந்தார். இராணுவம் வந்து தோண்டியது, இயந்திரங்களும் வந்தன. சிலர் கிடைத்தார்கள். மலை இன்னும் நகர்கிறது, இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் உள்ளே போவார்கள் என்று ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். இராமையா கிடைக்கவில்லை.

மகள் புறப்பட்டு வருகிறேன் என்று துடித்தாள். "ஒடம்பே இல்லாத சாவுக்கு நீ வந்து என்னத்தப் பாக்கப் போற? படிப்பப் பாரு புள்ள" என்று பெரியாயிதான் தடுத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாளே தவிர அழவில்லை. அழாததைப் பற்றி ஊர் பேசியது. அழுதிருந்தால் அதைப் பற்றியும் பேசியிருக்கும்.

பிறகு பெரகல போகும் பாதையோரம் தப்பியவர்களுக்கெல்லாம் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுதான், குறை சொல்ல முடியாது. கூரை ஒழுகாது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் இவள், "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று சுவர் வழியாகவே வைத்தியம் சொல்வாள். இங்கே சுவர் தடிமன். பக்கத்து வீட்டில் கலாராணி இருமுகிறாளா, செத்தாளா என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பொழுது சாய்ந்தால் பெரியாயிக்கு வீட்டுக்குள் இருக்கவே பிடிக்காது. மகளுடைய அழைப்பு வரும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

முதலில் அந்த அழைப்புகளிலும் பேச்சு ஓடவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்டியா, மழையா, குளிரா, அவ்வளவுதான். இரண்டு பேரும் இராமையாவின் பெயர் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள், "இன்னிக்கு எங்கடி போன?" என்று கேட்டதற்கு, "ராஜாக்களோட கல்லறைக்கும்மா. அளந்து படம் வரையச் சொல்லியிருக்காங்க" என்று சுபா சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியாயி கோபப்படவில்லை.

"படிக்கிற புள்ளைய சுடுகாட்டுக்கா அனுப்புவானுங்க? எப்பிடி இருக்கு அந்த எடம்? காட்டு பாப்போம்."

சுபா எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். நீளமான ஒரு பாதை. அதன் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை. ஒவ்வொன்றிலும் ஒரு சோடி நிற்கிறது, ஒரு சோடி உட்கார்ந்திருக்கிறது. ஏன் அப்படி என்று பெரியாயி கேட்டாள். முறை மாற்றிக் காவல் இருக்கின்றன, நிற்கிறவை களைத்தால் உட்கார்ந்திருப்பவை எழுந்துகொள்ளும் என்று அங்குள்ளவர்கள் கதை சொல்வதாக சுபா சொன்னாள்.

"ஷிப்டு மாத்திக்குதுகளா? அப்ப உங்கப்பா மாதிரின்னு சொல்லு!"

 சொல்லிவிட்டுப் பெரியாயி சிரித்தாள், மகளும் சிரித்தாள். மண் சரிந்த பிறகு இராமையாவைப் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ராஜா கல்லறைதான் பேச்சு. இடம் பார்ப்பதில் சீனாக்காரர்கள் பெரிய கில்லாடிகள் என்று சுபா சொன்னாள். கல்லறைக்குப் பின்னால் மலை இருக்க வேண்டும், இரு பக்கமும் குன்றுகள் கை கொடுத்ததுபோல் வர வேண்டும், முன்னால் தண்ணீர் ஓட வேண்டும். மலை பின்னால் நின்று காப்பாற்றும் என்று நம்பினார்கள்.

"நம்ம லயத்துக்கும் மலை பின்னாடிதான் இருந்துச்சு, முன்னாடி ஆறும் ஓடுச்சு. காப்பாத்துன லெச்சணத்தத்தான் பாத்தமே!" என்றாள் பெரியாயி. 

ஆனால் பெரியாயியின் மனத்தைப் பிடித்தது பாதையும் இல்லை, மலையும் இல்லை. மண்மேட்டுக்கு அடியில் இருந்த வீடுதான். ஆமாம், வீடு. பெரிய கல் கதவு, அதைத் தாண்டி முன்கூடம், நடுக்கூடம், பக்கத்துக்கு ஓர் அறை, கடைசியில் ராஜாவும் இரண்டு ராணிகளும் படுத்திருந்த அறை. நடுக்கூடத்தில் அவர்கள் உட்காரப் பளிங்கு ஆசனங்கள், விளக்கு எரிய எண்ணெய் நிரப்பிய பெரிய சாடி. உயிரோடிருந்த காலத்தில் எப்படி மாளிகை கட்டினார்களோ அப்படியே மண்ணுக்குள்ளும் கட்டினார்கள். செத்த பிறகும் அங்கே குடியிருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

"அடுப்பு?" என்று கேட்டாள் பெரியாயி.

"இந்த ராஜா வீட்டுல இல்லம்மா. இதுக்கு ரொம்ப முந்துன காலத்துக் கல்லறைகள்ல மண்ணால அடுப்பு, கெணறு, பன்னிக்கொட்டில்கூட செஞ்சு வச்சிருக்காங்க."

"பாத்தியா. வெவரமானவனுங்க."

அன்றிரவு வெகு நாட்களுக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். ஒன்பதாம் காம்பராவிலும் எல்லாம் இருந்தது. அடுப்பு இருந்தது, தண்ணீர்க் குடம் இருந்தது, சாமி படம் இருந்தது, கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அவர் இருந்தார். இதில் எது குறைந்துவிட்டது? மேலே மண் வந்திருக்கிறது. ராஜா வீட்டுக்கு மேலும் மண்தான். அப்படி நினைத்துக்கொண்டால் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. மறுநாளிலிருந்து மகளிடம் அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. படுக்கை எந்தத் திசையில்? தரை கல்லா, மண்ணா? ஈரம் ஏறாதா? சுபா பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாவது பதில் சொல்லிவிடுவாள்.

ஆண்டுத் திவசம் நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. மண் சரிந்த இடம் முழுவதையும் மயானம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்திருந்தது. மயானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. ஆகையால் அந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் சின்னப் பாலத்தோடு பெண்கள் நின்றுவிட வேண்டும், ஆண்கள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். ஒரு வருஷமாக அப்படித்தான் நடந்தது. பெரியாயி ஒரு தடவைகூட அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்று இப்போது அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அவர் வீட்டில் படுத்திருக்கிறார், கட்டிய பெண்சாதி வாசல்வரைகூடப் போகக் கூடாதென்றால் அது என்ன நியாயம்?

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நேராகவே கேட்டாள். தோட்டத் தலைவர் கஜேந்திரன்தான் கமிட்டிக்கும் தலைவர். ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கியில் பேசுவதுபோலப் பேசுகிறவர், ஆனாலும் நல்ல மனுஷன்.

"அக்கா, மயானத்துக்குப் பொம்பளைங்க வர்ற வழக்கம் நம்மகிட்ட இல்லீங்களே" என்றார்.

"அது மயானம்னு யாரு சொன்னது தம்பி?"

"என்னக்கா இப்பிடிக் கேக்குறீங்க? உள்ள இருக்குறவங்க..."

"செத்தவங்கள வீட்டுல இருந்து தூக்கிட்டுப் போயி வைக்கிற எடம்தான மயானம்? என் புருசன யாரு தூக்குனது? பாடை கட்டுனீங்களா? தப்படிச்சீங்களா? நீங்க தோள் குடுத்தீங்களா? வீட்டுல படுத்த மனுசன் இன்னும் வீட்டுலதான் இருக்காரு. அது ஒம்பதாம் நம்பர் காம்பரா. எங்க வீடு."

 பெரியாயி அத்தோடு விட்டிருக்கலாம். சீனத்து ராஜாக்களையும் இழுத்தாள். அங்கே கூடமும் அறையும் கட்டி, கதவு போட்டு, வீடாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "பெரியாயி அக்காவுக்குச் சீனாவுல சம்பந்தி ஆயிருச்சு போல" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தனியாக இருந்து இருந்து அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்ற பேச்சு ஏற்கெனவே காதும் காதும் வைத்தாற்போல் உலவிக்கொண்டிருந்தது. அவள் முகம் சிறுத்துப் போனது. ஆனாலும் உட்காரவில்லை.

கஜேந்திரன் சிரிக்கவில்லை. 

"சரிக்கா. வீடுன்னு சொல்றீங்க, வீடாவே இருக்கட்டும். போயிட்டு வாங்க. ஆனா வீட்டுல என்ன செய்வீங்களோ அத மட்டும்தான் செய்யணும். பால் ஊத்துறது, படையல் போடுறது, சூடம் கொளுத்துறது எதுவும் கூடாது. அதெல்லாம் செத்தவங்களுக்குச் செய்யிறது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பெரியாயி. ஜெயித்துவிட்டோம் என்ற பூரிப்பில் அவளுக்கு அந்த நிபந்தனை பெரிதாகவே தெரியவில்லை.

திவசத்தன்று காலையில் ஆண்கள் போய்த் தங்கள் காரியத்தை முடித்துவிட்டு வந்தார்கள். பிற்பகல் மழை விட்டிருந்தது. ஒரு பையில் விளக்குமாறும் கோலப்பொடியும் போனும் எடுத்துக்கொண்டு பெரியாயி கிளம்பினாள். கலாராணியும் துணைக்கு வந்தாள். அவளுடைய மாமியாரும் அந்த மண்ணுக்குள்தான் இருந்தாள். பாலம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த கலாராணி, பாலத்தடியில் நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா. நான் வரல."

"உன் மாமியாதான உள்ள இருக்கா? உசிரோட இருக்கையிலயே அவளுக்கு நீ பயப்படல, இப்ப என்னா?"

கலாராணி சிரிக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் என்று சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பெரியாயி தனியாகப் பாலத்தைத் தாண்டினாள்.

மண் சரிந்த இடத்தில் மானாப்புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. லயம் எங்கே இருந்தது, கோயில் எங்கே இருந்தது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. மேலே சரியாமல் தப்பிய தண்ணீர்த் தொட்டி ஒன்று மட்டும் தெரிந்தது. அதை வைத்து இது பாதை, இது முதல் காம்பரா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். ஒன்பதாம் காம்பராவின் வாசல் இதுதான் என்று ஓரிடத்தில் நின்றாள். சரியான இடமா என்று அவளுக்கே தெரியாது. மலை இறங்கி வந்தபோது எதை எங்கே கொண்டுபோய் வைத்ததோ. யாரிடம் கேட்பது? இதுதான் வாசல் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

புல்லைப் பிடுங்கி எறிந்து, கொஞ்ச இடத்தைக் கூட்டினாள். ஓடையில் தண்ணீர் அள்ளி வந்து தெளித்தாள். சாவு விழுந்த வீட்டு வாசலில் ஒரு வருஷத்துக்குக் கோலம் போட மாட்டார்கள். காலையோடு அந்த வருஷம் முடிந்துவிட்டது. குனிந்து புள்ளி வைத்து, இழை இழுத்து, சின்னதாக ஒரு கோலம் போட்டாள். சிவப்பு மண்ணில் வெள்ளைக் கோலம் எடுப்பாகத்தான் இருந்தது. வீட்டில் செய்கிற வேலை எல்லாவற்றையும் செய்தாயிற்று. ஒன்றுதான் மிச்சம். இந்த நேரத்தில்தான் அவள் வேலை விட்டு வந்து அவரை எழுப்புவாள்.

"ஏங்க" என்றாள் பெரியாயி. "எந்திரிங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு."

காற்றில் புல் அசைந்தது.

"ஏங்க. உங்களத்தான். எம்புட்டு நேரம் தூங்குவீங்க? எந்திரிங்கன்னா!"

அவர் முதல் கூப்பாட்டுக்கு எழுந்த ஆளில்லை. இரண்டாவதற்கு, "ம்" என்பார். மூன்றாவதற்குப் போர்வையை விலக்குவார். அவள் நான்காவது தடவையும் கூப்பிட்டாள், ஐந்தாவது தடவையும் கூப்பிட்டாள். குரல் மலையில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. அப்போதுதான் கஜேந்திரனுடைய நிபந்தனை என்னவென்று அவளுக்கு உறைத்தது. மயானமாக இருந்திருந்தால் பாலை ஊற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள். அங்கே யாரும் பதிலை எதிர்பார்த்துப் போவதில்லை. வீடு என்று சண்டை போட்டு வாங்கியது அவள்தான். வீடென்றால் கூப்பிட்ட குரலுக்கு உள்ளிருந்து ஒரு "ம்" ஆவது வர வேண்டுமே. கோலத்துக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.  போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"அம்மா? போயிட்டீங்களா? விட்டாங்களா?"

"விட்டாங்க. வந்துட்டேன். கூட்டினேன், கோலம் போட்டேன். அப்பாவக் கூப்பிட்டேன் புள்ள."

பெரியாயி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எத்தன தடவ கூப்பிடுறது? பதிலே இல்ல. கதவே தெறக்கல."

"அம்மா..." என்றாள் சுபா. "ஒண்ணு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல."

"என்னா?"

"அந்த ராஜா வீட்டுக் கதவு. சாத்துறதுக்கு முன்னாடி ஒரு நீட்டுக் கல்ல உள்பக்கமா கதவுல சாய்ச்சு வச்சிருவாங்க. ஆளுங்க வெளிய வந்து கதவ இழுக்க இழுக்க, அந்தக் கல்லும் கூடவே சரிஞ்சு வரும். சாத்தி முடிச்சதும் அதுவே உள்பக்கம் தாப்பா மாதிரி விழுந்துரும். அதுக்கப்பறம் வெளிய இருந்து யாரும் தெறக்கக் கூடாதுன்னுதான்மா அப்பிடிக் கட்டினாங்க. விளக்கும் அப்பவே அணைஞ்சிருக்கும். காத்து இல்லாம எப்பிடி எரியும்?"

 எதிரே மேகம் மலையை மறைத்துக்கொண்டு வந்தது.

"அப்ப அது வீடு இல்ல."

"இல்லம்மா."

"தெரிஞ்சேதான் இம்புட்டு நாளா வீடு, வீடுன்னு சொன்னியா?"

"அடுப்பு எங்க, படுக்கை எங்கன்னு நீங்க கேக்குறப்ப உங்க கொரல் பழையபடி இருந்துச்சும்மா. தனியா இருக்கீங்க. நானும் இங்க தனியாத்தான இருக்கேன். அந்தக் கொரல விட எனக்கு மனசு வரல."

பெரியாயிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு வருஷமாகக் கட்டியாக இருந்த ஏதோ ஒன்று இளகி மேலே ஏறியது. தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். போனைக் கோலத்தின் ஓரத்தில் வைத்தாள். மாரில் ஓர் அடி அடித்துக்கொண்டு, தன் குரல்தானா என்று அவளே திடுக்கிடும்படி ஒப்பாரி எடுத்தாள்.

"மலையேறிப் போனேனே, என் தொரையே,
மலையெறங்கி வந்துருச்சே..."

ஒப்பாரியை ஒருத்தி தனியாக வைப்பதில்லை. ஒருத்தி அடியை எடுத்தால், பக்கத்தில் தோளைக் கட்டிக்கொண்டிருப்பவள் அதை வாங்கி முடிக்க வேண்டும். அவள் எடுத்த அடியைப் போட்டுவிட்டு நிறுத்தினாள். போனுக்குள் சுபாவுக்கு வார்த்தை தெரியவில்லை. படித்த பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "அப்பா, அப்பா" என்று மட்டும் அழுதாள். பெரியாயிக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த அடியை எடுத்தாள், நிறுத்தினாள். "அப்பா" என்றது போன். இப்படியே தாயும் மகளும் ஒரு வருஷம் கழித்து அந்த மனுஷனுக்காக அழுதார்கள்.

மேகம் முழுவதும் இறங்கி மூடியபோது சிக்னல் அறுந்துவிட்டது. பெரியாயி ஓர் அடியை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். போன் பேசவில்லை. பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கும் யாரும் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு, எடுத்த அடியைத் தானே முடித்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.